ஆறாம் விதியும் ரூபி டீச்சரும்

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

கிருபைபுரம் ஆலயத்தின் தெற்கு வாசலில் இருக்கும் செருப்புத் தட்டை மேற்கு முகமாகத் திருப்பி வைப்பது என்று இன்று மாலை 5.40 மணிக்கு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளாக எங்கள் செருப்புகளின் குதிகால் பலிபீடத்தைப் பார்த்தபடி இருந்திருக்கிறது. நான் கூட்டிப்போய்க் காட்டும்வரை அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. தீர்மானத்தை நான் கொண்டுவந்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி வயலட் அக்கா வழிமொழிந்தார். மரக்கடை யோபு, நான்கு ஆணி கழற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லி ஆதரித்தார். நிறைவேறியதும் மூவரும் எழுந்து கை குலுக்கிக்கொண்டோம்.

இந்த மூன்று பேரும்தான் ஆலயப் பரிசுத்தத் துணைக்குழு. போன ஆண்டு மாற்றலாகி வந்த குருவானவர் கிப்சன், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் முழுவதும் தேவனுடைய பரிசுத்தத்தைப் பற்றிப் பிரசங்கிக்கப்போவதாகவும், சபையார் எல்லாரும் அதைக் குறித்துச் சிந்திக்கவேண்டும் என்றும் அறிவித்தார். சபை மன்றம் உடனே கூடி ஒரு துணைக்குழுவை நியமித்தது. அதனால் மற்றவர்கள் சிந்திக்கவேண்டிய அவசியம் நீங்கியது. நான் நகராட்சியில் முப்பத்துமூன்று ஆண்டு சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணி என்றால் ஈக்களுக்கும் தெரியும். எனவே நான் கன்வீனர்.

குருவானவர் வீட்டுக்கு ஒரு நோட்டும் கொடுத்திருக்கிறார். ஈஸ்டர் வரை அதில் எழுதவேண்டும். நன்றி சொல்ல ஒன்றாவது இருக்கவேண்டும்.

நன்றி: ஆணிகள் துருப்பிடிக்கவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

நன்றி: காலை ஆறரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ரூபி தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்கினாள். வரிசையை மாற்றி எழுதியிருக்கவேண்டும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பரிசுத்தம் என்றால் பிரித்து வைக்கப்படுதல் என்று குருவானவர் பிரசங்கித்தார். தேவன் நம்மைப் போன்றவர் அல்ல, நம் அளவுகோல் எதிலும் அடங்காதவர், அவருக்கு முன் நிற்பது விளையாட்டல்ல என்றார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிரித்து வைத்தல்தான் குப்பை மேலாண்மையிலும் முதல் பாடம்.

வாசலில் நான்கு பேர் கேட்டார்கள்: "ரூபி டீச்சர் வரலையா?" தலைவலி என்றேன். கிறிஸ்துமஸ் முடிந்து இது எட்டாவது ஞாயிறு. எட்டாவது தலைவலி.

நோட்டில் உண்மையை எழுதலாம். என் மனைவி ரூபி இருபத்தொன்பது ஆண்டு இதே ஊர்த் தொடக்கப் பள்ளியில் டீச்சர். மூன்று ஆண்டுகளாக மறதி நோய். என்னைத் தெரியாது. சில நாள் வாட்ச்மேன் என்பாள். பல நாள் முத்தையா என்று ஒரு மாணவன். அவன் படிக்காத பிள்ளையாக இருந்திருக்கவேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்று திருவிருந்துக்காக, பலிபீடத்துக்கு முன்னுள்ள மரக் கிராதியருகே அவளைக் கூட்டிப்போயிருந்தேன். குருவானவர் அப்பத்தைக் கையில் எடுத்து ஜெபித்துக்கொண்டிருந்தார். ஆலயம் முழுவதும் அமைதி. ரூபி சத்தமாகச் சொன்னாள்: "எவ்வளவு நேரம்ல பேசுவ எருமை, பிள்ளைங்க பசியில இருக்கு." அதோடு நிறுத்தியிருந்தால் சபை மன்னித்திருக்கும், பலருடைய கருத்தும் அதுவாகவே இருந்தது. ஆனால் அதன்பின் ஒரு சொல் வந்தது. நகராட்சிச் சாக்கடைகளின் ஓரத்தில் முப்பத்துமூன்று ஆண்டு நின்ற எனக்கே அது அபூர்வமான சொல். நான் அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டேன். இருவருமே அன்று திருவிருந்து பெறவில்லை.

ஒரு கெட்ட வார்த்தைகூட அறியாதவள் அவள். அந்தச் சொல்லை எங்கே கற்றாள் என்பது ஆராய்ச்சிக்குரியது.

அன்றுமுதல் ஞாயிறுதோறும் ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை பின்னறைக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறேன். அவளைப் பார்த்துக்கொள்ள வரும் இசக்கிக்கு ஞாயிறு காலை விடுமுறை. ஆலயத்தின் பரிசுத்தம் கருதியே இந்த ஏற்பாடு.

நன்றி: வாசலில் கேட்டவர்கள் நான்கு பேர்தான். போன வாரம் ஏழு.

பிப்ரவரி 20, செவ்வாய்

பலிபீடத்து வெள்ளைத் துணியைத் துவைத்தேன். முன்பு ரூபியின் ஊழியம் இது. இப்போது என்னுடையது. அரிசிக் கஞ்சி, நீலம் இரண்டு சொட்டு, நிழலில் உலர்த்தல். நீலம் மூன்று சொட்டானால் துணி போலீஸ் வேன் நிறத்துக்குப் போய்விடும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

அரிசி களைந்துகொண்டிருந்த இசக்கியிடம், ரூபி அந்தச் சொல்லை வீட்டில் எப்போதாவது சொல்லக் கேட்டதுண்டா என்று விசாரித்தேன். சொல்லை எழுதிக் காட்டினேன்.

"எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதுல்லா சார்" என்றாள்.

அவள் தினமும் பேப்பர் வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

துணைக்குழுவின் இரண்டாம் கூட்டம். ஆலய ஒழுங்கு விதிகள் பதினொன்று எழுதி முடித்தோம். கைபேசி, பூ வைத்தல், பிரசங்கத்தின்போது தூங்குதல் (குறட்டை இல்லாவிட்டால் அனுமதி), தும்மல். ஆறாம் விதியில் ஒரு மணி நேரம் ஆனது. "ஆராதனை நேரத்தில் சத்தம் எழுப்பும் சிறுபிள்ளைகள் வெளிப் பந்தலில், ஒலிபெருக்கியருகே அமரவேண்டும்" என்று எழுதியிருந்தேன்.

வயலட் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிறுபிள்ளைகளும் பிறரும்னு போடுங்க தம்பி."

"பிறர்னா யாரு?" என்றார் யோபு.

"பிறர்னா பிறர்தான். எழுதும்போது எல்லாத்துக்கும் இடம் விட்டு எழுதணும்."

யோபு என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். "சிறுபிள்ளைகளும் பிறரும்" என்று என் கையால் எழுதினேன். கையெழுத்து நன்றாகவே வந்தது.

நன்றி: யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

இன்று ஏசாயா தீர்க்கதரிசி ஆலயத்தில் ஆண்டவரைக் கண்ட பகுதி. சேராபீன் தூதர்களே முகத்தை மூடிக்கொள்ளும்படியான பரிசுத்தம். வாசல் நிலைகள் அசைகின்றன. புகை. தீர்க்கதரிசி தன் உதடுகள் அசுத்தம், தான் தொலைந்தேன் என்று அலறுகிறார். ஒரு தூதன் பலிபீடத்திலிருந்து நெருப்புத் தழலைக் குறட்டால் எடுத்துவந்து அவர் வாயைத் தொடுகிறான்.

குறடு பயன்படுத்தியது பாராட்டத்தக்கது.

குருவானவர் ஒன்றைச் சொன்னார். தீர்க்கதரிசி சுத்தமான பிறகு தழல் வரவில்லை; அசுத்தம் என்று ஒத்துக்கொண்ட வாயைத் தேடித்தான் வந்தது. இதை நான் குறித்துக்கொண்டேன். தீர்க்கதரிசி ஆலயத்துக்குள் உரக்கச் சத்தமிட்டார் என்பதையும் குறித்துக்கொண்டேன். அவரை யாரும் வெளிப் பந்தலுக்கு அனுப்பியதாக எழுதப்படவில்லை. அந்தக் காலத்தில் துணைக்குழு இல்லை.

விதிகள் இன்று வாசிக்கப்பட்டன. கைதட்டல் இல்லை; அது எட்டாம் விதி.

பிப்ரவரி 29, வியாழன்

இந்த மாதத்தில் ஒரு நாள் கூடுதல். நன்றி என்று எழுதத்தான் வேண்டும். இரவு முழுவதும் ரூபி வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். வீட்டில்தான் இருந்தோம்.

மார்ச் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து குருவானவர் என்னை ஆலய அலுவல் அறைக்கு அழைத்தார்.

"ஐயா, டீச்சருக்கு இன்னும் தலைவலிதானா?"

"கொஞ்சம் குறைவு."

"கிறிஸ்துமஸ்ல இருந்து திருவிருந்து எடுக்கலையே. சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்து கொடுக்கட்டுமா? பெட்டி இருக்கு."

நோயாளிகளுக்குத் திருவிருந்து கொண்டுபோக அவரிடம் ஒரு சிறு பெட்டி உண்டு. உள்ளே சின்னக் கிண்ணம், சின்னத் தட்டு. எருமை என்று அழைக்கப்பட்ட மனிதர் அந்தப் பெட்டியோடு வருகிறேன் என்கிறார். அவருடைய பொறுமைக்கு நன்றி. வயது முப்பத்தொன்று, போகப் போகச் சரியாகிவிடும்.

மார்ச் 8, வெள்ளி

ஐந்து நாளாக வீட்டைப் பரிசுத்தப்படுத்திவருகிறேன். பினாயில், சுண்ணாம்பு, ஒட்டடைக் கம்பு. பரண்மேலிருந்து மூன்று எலிகள் குடிபெயர்ந்தன. பழைய உத்தியோக நாட்களில் நான் ஓர் ஓட்டலுக்கு நூற்றுக்கு அறுபது மதிப்பெண் போட்டாலே அவர்கள் மாலை போடுவார்கள். இன்று என் வீட்டுக்கு நானே தொண்ணூற்றாறு போட்டேன். நான்கு குறைத்ததற்குக் காரணம் ரூபி. உடை மாற்ற விடமாட்டேன் என்கிறாள். வருகிற போகிற சொல்லெல்லாம் வாயில் வருகிறது.

நாளை அவள் அமைதியாக இருக்கவேண்டும். அரை மணி நேரம் போதும்.

மார்ச் 9, சனி

குருவானவர் காலை பத்து மணிக்கு வந்தார். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துப் பெட்டியைத் திறந்தார். ரூபி நாற்காலியில் அமைதியாக இருந்தாள். மிகவும் அமைதியாக இருந்தாள். தலை சாய்ந்திருந்தது. உதட்டோரம் எச்சில்.

"டீச்சர்" என்றார் குருவானவர். "ரூபி டீச்சர்."

கண் திறக்கவில்லை. முழங்கால்படியிட்டு அவள் கையைத் தடவினார். காத்திருந்தார். பத்தேமுக்கால். பதினொன்றேகால்.

"ஏன்யா இப்படித் தூங்குறாங்க?"

"ராத்திரி தூங்கலை. அசதி" என்றேன்.

"தூங்குறவங்க வாயில வைக்கக்கூடாது. புரை ஏறிடும்." பெட்டியை மூடினார். "உங்களுக்கு மட்டும் தரட்டுமா?"

எனக்கும் வேண்டாம் என்றேன். தாழ்மை என்று நினைத்திருப்பார்.

நன்றி: வீடு சுத்தமாக இருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

ஒரு தூக்க மாத்திரை அல்ல. ஒன்றரை.

மார்ச் 11, திங்கள்

இசக்கி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"சார், இதுல கணக்கு இடிக்குது."

"எண்ணிக்கையில தப்பு வந்திருக்கும்."

"எண்ணத் தெரியும் எனக்கு. வாசிக்கத்தான் தெரியாது." என் எதிரில் உட்கார்ந்தாள், இந்த வீட்டில் இதுவரை அவள் உட்கார்ந்து பேசியதில்லை. "எங்க கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்க மாமியார் வருவா. சாமி வந்தா ஆடுவா, ஏசுவா, பூசாரியவே ஏசுவா. யாராச்சும் மாத்திரை குடுத்து ஒறங்க வச்சா கூட்டிட்டு வாராவ? உங்க சாமி என்ன, ஒரு பொம்பள ரெண்டு வார்த்தை ஏசுனா தாங்கமாட்டாராக்கும்?"

அப்படியல்ல, இது வேறு, பரிசுத்தம் என்பது ஒரு ஆழமான சத்தியம் என்று விளக்கினேன். ஏழு நிமிடம் விளக்கினேன்.

"செரி" என்றாள். "பின்னறைக் கதவுத் தாழ்ப்பாள எதுக்கு வெளிப்பக்கம் மாத்தியிருக்கீங்க?"

காற்றுக்கு என்றேன்.

மார்ச் 14, வியாழன்

தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஆணி நான்கு.

நன்றி: இசக்கி இன்று வந்தாள். வரமாட்டாளோ என்று நினைத்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

இசக்கி ஞாயிறு காலையும் வருவதாகச் சொல்லிவிட்டாள். ஆகவே கதவு சாத்தாமல் ஆலயத்துக்குப் போனேன்.

குஷ்டரோகியை ஆண்டவர் தொட்டதைப் பற்றிப் பிரசங்கம். பழைய சட்டப்படி அசுத்தமானதைத் தொட்டால் தொட்டவன் அசுத்தமாவான். இங்கே எதிராக நடந்தது. தொட்டவர் அசுத்தமாகவில்லை, தொடப்பட்டவன் சுத்தமானான். தேவனுடைய பரிசுத்தம் அழுக்குப்பட்டுவிடும் என்று நாம் பாதுகாக்கவேண்டிய பொருளல்ல. அதுதான் தொற்றும் என்றார்.

ஆராதனை முடிந்ததும் குருவானவரிடம் என் ஆட்சேபத்தைத் தெரிவித்தேன்.

"ஐயரே, முப்பத்துமூன்று வருஷத்துல காலரா பார்த்திருக்கேன், டைபாய்டு பார்த்திருக்கேன், மஞ்சள் காமாலை பார்த்திருக்கேன். சுத்தமான ஒருத்தன் பக்கத்துல நின்னு நோயாளிக்குச் சுகம் தொத்திக்கிட்டதா நான் ஒரு ரிப்போர்ட்டுகூட எழுதினதில்லை."

"எழுதியிருந்தா உங்களை வேலையை விட்டு எடுத்திருப்பாங்க ஐயா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஈஸ்டருக்கு டீச்சரைக் கூட்டிட்டு வாங்க."

"ஏசுவா."

"ஏசட்டும். கிறிஸ்துமஸ்ல என்னை எருமைன்னாங்க. அன்னைக்கு ஜெபம் நீளம்தான். வீட்டுக்காரியும் அதையேதான் சொன்னா."

"ஆறாம் விதி இருக்கு."

"யார் எழுதினது?"

"நான்தான்."

"கையெழுத்து ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

ஆலயத்தில் கொடுத்த குருத்தோலைச் சிலுவையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரூபி அதை வாங்கிக் கொண்டையில் சொருகிக்கொண்டாள். நான் எடுக்கப்போனேன். "இருக்கட்டும் சார், நல்லாத்தான இருக்கு" என்றாள் இசக்கி. நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 28, பெரிய வியாழன்

மூன்று இரவாகத் தூக்கம் இல்லை. காரணங்களை முதலில் எழுதிவிடுவது நல்லது.

ஈஸ்டருக்கான பலிபீடத்து வெள்ளைத் துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மேசைமேல் விரித்திருந்தேன். அதைப் போன்ற வெண்மை நான் இதுவரை கண்டதில்லை. அதைப் பார்த்தபடியே நின்று இட்லி சாப்பிட்டேன், பொடியும் எண்ணெயும் தொட்டு. கையைக் கழுவிவிட்டுத் திரும்பினால், ரூபி அந்தத் துணியை இழுத்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு முனை தரையில் புரண்டது.

நான் இழுத்தேன். அவள் விடவில்லை. நான் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்றால், கிறிஸ்துமஸ் அன்று ஆலயத்தில் கேட்கப்பட்ட அதே சொல். தேடவேண்டியிருக்கவில்லை. நாக்கின் நுனியில் பழக்கமாக இருந்தது.

ரூபியின் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது. மூன்று ஆண்டுகளில் நான் பார்க்காத நிமிர்வு.

"முத்தையா. என்னல சொன்ன?"

நான் துணியை விட்டுவிட்டேன்.

"இங்க வா. கிட்ட வா. வாயக் காட்டு."

போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவள் துணியின் முனையை எடுத்து, நாக்கில் தொட்டு நனைத்து, இடது கையால் என் மோவாயைப் பிடித்துக்கொண்டு, என் உதடுகளைத் துடைத்தாள். மெதுவாக அல்ல, சிலேட்டைத் துடைப்பதுபோல. மேலுதடு, கீழுதடு, இரண்டு ஓரமும். எரிந்தது.

"இனிமே சொல்லுவியா?"

"சொல்லமாட்டேன் டீச்சர்."

"நல்ல பிள்ளை. போய் உக்காரு."

போய் உட்கார்ந்தேன். துணியின் முனையில், சிவப்பாக எண்ணெய்க் கறை. இசக்கி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் அந்த வார்த்தைய எங்க படிச்சாங்கன்னு அன்னைக்குக் கேட்டீங்களே சார்" என்றாள்.

"ஆமா."

"இன்னும் தெரியணுமா?"

வேண்டாம் என்றேன்.

நன்றி என்று எழுத இன்று நிறைய இருக்கிறது. எழுதத் தெரியவில்லை.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனைக்கு முன்பே போய்க் குருவானவரைப் பார்த்தேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன். சொல், மாத்திரை, தாழ்ப்பாள், எட்டுத் தலைவலி. பிறகு வந்த தலைவலிகளும். அவர் கடைசியில் ஜெபித்தார். ஜெபம் சிறியது.

பிறகு துணியைக் காட்டினேன். இரண்டு முறை துவைத்தும் கறை போகவில்லை என்றேன். வேறு துணி இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா இதையே விரிச்சிடுங்க" என்றார்.

மார்ச் 30, சனி

கன்வீனர் என்ற முறையில் துணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என்று வயலட் அக்கா வீட்டுக்குப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாளைக்கு ஆறாம் விதியை நானே மீறப்போறேன். ரூபியை உள்ள கூட்டிட்டு வாரேன்."

"மறுபடியும் ஏசினா?"

"ஏசினா, எங்கிட்ட இருந்து படிச்சதுதான். எல்லாருக்கும் சொல்லிடுவேன்."

வயலட் அக்கா கத்தியைக் கீழே வைத்தார். உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவருடைய தம்பி சற்குணம். பிறந்ததிலிருந்தே நடக்க வராது, பேச்சு வராது. சத்தம் மட்டும் வரும். தாயார் இருந்தவரை ஆலயத்துக்குத் தூக்கிவருவார். அவர் இறந்து பதினாறு வருஷமாகிறது.

"நீங்க மீறுங்க தம்பி. நான் பார்க்கலைன்னு வச்சுக்குறேன்" என்றார் வயலட் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றார்.

மார்ச் 31, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனைக்குப் போகவில்லை. அந்நேரத்தில் எழுப்பினால் ரூபி யாரையும் மன்னிப்பதில்லை. எட்டு மணி ஆராதனைக்குப் போனோம். ரூபிக்கு வெள்ளைப் பட்டு. இசக்கியும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ரூபியின் இடது கை அவளிடம், வலது கை என்னிடம். ஐந்தாவது பெஞ்சில் உட்கார்ந்தோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் இருப்பது முதுகுகளில் தெரிந்தது.

பிரசங்கம் வரை தூங்கினாள். பாட்டுக்கு எழுந்தாள். எங்கள் வரிசை கிராதிக்குப் போகும் முறை வந்தது. பன்னிரண்டு பேர். மற்றவர்கள் முழங்கால்படியிட்டார்கள். ரூபிக்கு முழங்கால் மடங்காது; நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில். அவளுக்கு அந்தப் பக்கம் வயலட் அக்கா. வெள்ளைத் துணியின் கறைபட்ட முனை எங்களைப் பார்த்து இருந்தது.

குருவானவர் அப்பத் தட்டோடு வந்தார். நான் கையை நீட்டினேன்.

"ஏல முத்தையா" என்றாள் ரூபி. ஆலயத்தின் கடைசி வரிசை வரை கேட்கும் வகுப்பறைக் குரல். "கை கழுவுனியா?"

"கழுவினேன் டீச்சர்."

"காட்டு."

உள்ளங்கை, புறங்கை, நகம். பார்த்தாள். பள்ளியில் மதிய உணவுக்கு முன் எல்லாப் பிள்ளைகளின் கையையும் பார்ப்பது அவள் வழக்கம். முப்பத்துமூன்று ஆண்டு மற்றவர் கைகளைச் சோதித்தவன் நான். என் கையை யாரும் இப்படிச் சோதித்ததில்லை. "ம்" என்றாள். பிறகு குருவானவரைப் பார்த்தாள். "நீ?"

அவர் தட்டை இடது கைக்கு மாற்றி வலது கையைக் காட்டினார். பின்பு தட்டை வலது கைக்கு மாற்றி இடது கையைக் காட்டினார். "கழுவினேன் டீச்சர்" என்றார்.

அவள் அதோடு விடவில்லை. வரிசையில் நடந்தாள். இசக்கி அவளைத் தாங்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். மற்ற பதினொரு பேரும் கையைக் காட்டினோம். யோபு மரக்கடைக்காரர், வார்னிஷ் நகத்திலிருந்து போகாது. அவரிடம் இரண்டு முறை பார்த்தாள். "நாளைக்கு வெட்டிட்டு வா" என்றாள். "சரி டீச்சர்" என்றார். அவர் அவளிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர். வயலட் அக்கா அவளைவிட மூத்தவர், அவரும் காட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் இருமவில்லை. எட்டு மணி ஆராதனையில் இவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

திரும்பி வந்து தன் இடத்தில் நின்றாள். தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அவற்றில் என்ன கண்டாளோ, மெதுவாகக் குருவானவரிடம் நீட்டினாள்.

"எனக்கு யாரு பாக்கிறது?" என்று கேட்டாள்.

குருவானவர் அவள் கையில் அப்பத்தை வைத்தார். அவள் வாயில் போட்டு மென்றாள். "உப்பு பத்தாது" என்றாள்.

கிண்ணம் வந்தபோது ஒரு சொல் சொன்னாள். கிறிஸ்துமஸ் சொல் அல்ல. அதற்குத் தம்பி முறை. அதுவும் என் வீட்டுச் சொல்தான். குருவானவர் நிறுத்தாமல் வாசகத்தைச் சொல்லி முடித்துக் கிண்ணத்தை அவள் உதட்டில் வைத்தார். குடித்தாள். அவளுக்குப் பின் அதே கிண்ணத்தில் நான். ஓரத்தை நான் துடைத்துப் பார்க்கவில்லை. சுகாதாரத் துறையில் இதைக் குறித்து என் நிலைப்பாடு வேறாக இருந்தது.

ஆமென் நான்தான் சொன்னேன். இரண்டு பேருக்கும் சேர்த்து.

நோட்டில் இன்னும் நான்கு பக்கம் மிச்சம். குருவானவர் ஈஸ்டர் வரைதான் எழுதச் சொன்னார். நன்றி.

ஏப்ரல் 7, ஞாயிறு

சற்குணத்தின் சக்கர நாற்காலி, யோபுவின் தாயாருடையது, மேலத்தெருவிலிருந்து இன்னொன்று, ஆக மூன்று வந்ததால் தெற்குப் பக்கம் முன்வரிசைப் பெஞ்சுகள் இரண்டும் எடுக்கப்பட்டன. அவை இப்போது யோபுவின் மரக்கடையில் இருக்கின்றன.